சுற்றலா, ஆட்டமா

கடலுக்குப் போய்விட்டுக் கரையேறினால் கொஞ்ச நேரம் தரை ஆடும். கடலில் வேலை செய்கிற யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசமாட்டார்கள். குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் போய்விடும். எனக்கும் பல வருடங்களாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு முறை போகவில்லை.

அப்போது நான் அமீரகத்தில், புஜைரா துறைமுகத்தில் எண்ணெய் அளக்கிற சர்வேயராக இருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் எரிபொருள் வாங்குவதற்காக நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். கொடுக்கிற கப்பல் எவ்வளவு கொடுத்தது, வாங்குகிற கப்பல் எவ்வளவு வாங்கியது என்று இரண்டு தரப்புக்கும் பொதுவான ஓர் ஆள் அளந்து சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. லாஞ்ச் என்கிற சிறு மோட்டார் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிற கயிற்று ஏணியில் ஏறி, தொட்டிகளுக்குள் அளவு நாடாவை இறக்கி மட்டம் பார்த்து, பாட்டில்களில் மாதிரி எடுத்துக்கொண்டு திரும்புவேன். பெரும்பாலும் ஒரு பகல், அல்லது ஒரு ராத்திரி. அதற்கு மேல் கப்பலில் தங்குகிற வேலை இல்லை.

அந்த முறை இரண்டு கப்பல்களின் கணக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். "நீங்க அங்கேயே இருங்க, பேசி முடிக்கிறோம்" என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். அவர்கள் பேசி முடித்தபோது காற்று கிளம்பிவிட்டது. லாஞ்ச் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லை. கிட்டத்தட்ட ஒரு வாரம் அங்கேயே இருந்தேன். கப்பல் சரக்கில்லாமல் காலியாக இருந்தது. காலிக் கப்பல் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும். கொஞ்சம் அலை வந்தாலும் பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்தாடும். எனக்கு அது தொந்தரவாகவே இல்லை. நல்ல தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு. ஓய்வு கிடைத்த மாதிரி இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் முகம் கழுவக் கண்ணை மூடியபோது குளியலறைத் தரை மெதுவாக ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. குழாயைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் மேஜை ஆடியது. கட்டிலில் படுத்தால் கட்டில் ஆடியது. கோயிலில் நற்செய்தி வாசிப்புக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது, நான் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே, "என்ன, நேத்து பார்ட்டியா?" என்று கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் நர்ஸ். ஊரின் நடுவில் இருக்கிற ஒரு தனியார் கிளினிக்கில் அப்போது வேலை பார்த்தாள். காரில் ஏறியதும், "நாளைக்கு எங்க டாக்டர்ட்ட வாங்க. காதப் பாக்கணும்" என்றாள்.

"காதா? எனக்குக் காதுல ஒண்ணும் இல்லியே."

"தல சுத்துனா முதல்ல காதத்தான் பாப்பாங்க."

அந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பாகிஸ்தான்காரர். வயதானவர், மரியாதையானவர். என் மனைவியை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். அவளுடைய கணவன் என்பதால் எனக்குத் தேநீர் வரவழைத்தார். எங்களுக்குப் பொதுவான பாஷை இந்திதான். சைட்டிலும் கப்பலிலும் பேசிப் பழகிய இந்தி என்னுடையது. "சக்கர் ஆதா ஹை" என்றேன். தலை சுற்றுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

எப்போதும் இருக்கிறதா, வந்துவந்து போகிறதா என்று கேட்டார். வந்துவந்து போகிறது என்றேன். அது உண்மைதான். அந்த நாட்களில் இடையிடையே லாஞ்சில் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காதில் இரைச்சல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். வருடக்கணக்காக பம்ப் அறைகளிலும் இன்ஜின் அறைகளிலும் நின்ற எவனுக்கும் காதில் ஓர் இரைச்சல் இருக்கும். காது அடைத்த மாதிரி இருக்குமா என்றார். சில நேரம் என்றேன். பக்கத்து அறையில் ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்துக் காது கேட்கிறதா என்று சோதித்தார்கள். கீச்சென்ற சத்தங்கள் சில எனக்குக் கேட்கவில்லை.

அவர் ஒரு தாளில் நத்தை மாதிரி ஒன்றை வரைந்தார். உள்காது இப்படித்தான் இருக்கும், இதற்குள் ஒரு நீர் இருக்கிறது, அந்த நீர் அதிகமாகும்போது தலை சுற்றும், காது இரையும், கேட்கும் திறன் குறையும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்கு மெனியர் நோய் என்று பெயர். பயப்பட வேண்டாம், கட்டுப்படுத்தலாம் என்றார். உப்பைக் குறைக்க வேண்டும். காப்பி, டீ குறைக்க வேண்டும். மூன்று வேளையும் ஒரு மாத்திரை. கார் ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது.

உண்மையைச் சொன்னால் வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என்னவென்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

கம்பெனியில் மருத்துவச் சான்றைக் கொடுத்ததும் கயிற்று ஏணியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. தலை சுற்றுகிற ஆளை யாரும் கப்பலில் ஏறவிடமாட்டார்கள். மற்ற சர்வேயர்கள் கொண்டுவருகிற அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுகிற வேலை கொடுத்தார்கள். "கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருங்க, சரியானதும் பாக்கலாம்" என்றார் மேலாளர். சரியாகாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே வேலை இருக்கும்வரைதான் விசா. மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள்.

வீட்டில் உப்பு குறைந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கருவாடு இல்லாமல் இருப்பது கஷ்டம். அதை முதல் நாளே நிறுத்தினாள். பிறகு ஊறுகாய், அப்பளம். மீன் குழம்பில் புளியும் மிளகும் கூடியது, உப்பு இருந்த இடம் தெரியவில்லை. எனக்கு மட்டும் தனியாகச் சமைக்கமாட்டேன், எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டாள். மகள் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் டேஸ்ட்ஸ் லைக் ஹாஸ்பிட்டல்" என்றாள்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல இதவிட உப்பு இருக்கும்" என்றாள் என் மனைவி.

மாத்திரை, பத்தியம், ஆபீஸ் நாற்காலி எல்லாம் சேர்ந்தும் குறையவில்லை. உண்மையில் கூடியது. முன்பு நின்றால்தான் ஆடும். இப்போது நாற்காலியும் சேர்ந்து ஆடியது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே யாரோ மெதுவாகத் துடுப்புப் போடுகிற மாதிரி இருக்கும். மறுபடி மருத்துவரிடம் போனோம். மாத்திரையின் அளவைக் கூட்டினார். உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். அதனால் கால் பிடித்து இழுத்ததுதான் மிச்சம். மூன்றாம் முறை போனபோது, இதிலும் குறையாவிட்டால் செவிப்பறை வழியாகக் காதுக்குள் ஊசி போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், "அந்த ஊசி எப்படி?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ரெண்டு வகை இருக்கு. எது போடுவாருன்னு தெரியல. ஒண்ணு காதுக்குக் கெடுதல் பண்ணவும் செய்யலாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உண்மையிலேயே அந்த நோயா இருந்தா போடுறதுல தப்பில்ல" என்றும் சொன்னாள்.

அந்த 'உண்மையிலேயே' என்ற சொல்லை அவள் வேண்டுமென்று சொன்னாளா, வாய்தவறி வந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு விடுமுறை நாளில் துபாய்க்குப் போனோம். மகளுக்குப் பாடப் புத்தகங்கள் வாங்க வேண்டும். அங்கே கராமா பகுதியில் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று திட்டம். நான் ஓட்டக் கூடாது என்பதால் மனைவிதான் ஓட்டினாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மலைகளுக்கு நடுவே போகிற சாலை அது. சுரங்கப் பாதை, வளைவு, ஏற்றம், இறக்கம். வழக்கமாக நல்ல உடம்புக்காரர்களுக்கே வயிற்றைப் புரட்டும். நான் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன், பிறகு தூங்கிவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம். கராமாவில் வண்டியை நிறுத்தி எழுப்பினாள். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தேன். நடைபாதை எழும்பியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வண்டியைப் பூட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டலில் தோசை வருவதற்குள், "ஒண்ணு கேக்கட்டுமா? வண்டி ஓடும்போது உங்களுக்கு எதாவது செஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. தூங்கிட்டேனே."

"தூங்குறதுக்கு முன்னாடி?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப மேஜ ஆடுது."

"அந்த வளைவுலயெல்லாம் நல்லா இருந்தவருக்கு இங்க உக்காந்திருக்கும்போது ஆடுதுன்னா, அது என்ன நோய்?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. தனக்குள் கேட்டுக்கொண்டது மாதிரி இருந்தது.

மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "தென் டிரைவ் அகெய்ன் அண்ட் செக், மா" என்றாள். அது சரியாகத்தான் பட்டது. சாப்பிட்டு முடித்து, புத்தகம் வாங்குவதற்கு முன்னால், கராமாவின் குறுக்குத் தெருக்களில் சும்மா சுற்றினோம். வண்டி நகரத் தொடங்கியதும் ஆட்டம் நின்றது. சிக்னலில் நின்றதும், கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. பச்சை விழுந்து வண்டி கிளம்பியதும் போனது. "இப்ப இருக்கா?" "இல்ல." "இப்ப?" "வருது." பழைய நான்கு மாடிக் கட்டடங்களையும் மளிகைக் கடைகளையும் பார்த்துக்கொண்டே இப்படிச் சொல்லிக்கொண்டு போனோம். நான் கடலுக்குப் போன நாட்களை நினைத்துப் பார்த்தேன். லாஞ்ச் கிளம்பியதும் எனக்குச் சரியாகிவிடும். அதை நான் 'வந்துவந்து போகிறது' என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தேன். எப்போது போகிறது என்பதை அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கண்டுபிடித்தது எளிது. அதை அவரிடம் போய்ச் சொல்வது எளிதாக இல்லை. என் மனைவிக்கு அவர் கூட வேலை செய்கிற பெரியவர். இருபது வருடமாக மருத்துவர்கள் சொல்வதைச் செய்து பழகியவள் அவள். சந்தேகம் வந்தால் மருந்துச் சீட்டை இரண்டாம் முறை படித்துக் காட்டி உறுதி செய்துகொள்வாள். 'நீங்கள் சொன்னது தப்பு' என்று யாரிடமும் சொன்னதில்லை.

"தப்புன்னு சொல்ல வேண்டாம். நடந்தத மட்டும் சொல்லுவோம்" என்றேன்.

"எப்படிச் சொன்னாலும் அதுதான அர்த்தம்" என்றாள். ஆனாலும் என்னுடன் வந்தாள். டியூட்டி முடிந்து சீருடையை மாற்றிவிட்டு, நோயாளியின் மனைவியாக வெளியே வரிசையில் உட்கார்ந்தாள்.

நான்தான் பேசினேன். வண்டி ஓடினால் நின்றுவிடுகிறது, வண்டி நின்றால் வருகிறது. லாஞ்சில் இல்லை, தரையில் இருக்கிறது என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று இந்தியில் கேட்டார்.

"எனக்கே இப்பதான் தெரிஞ்சுது, டாக்டர் சாப்."

"அறை சுற்றுமா? மின்விசிறி மாதிரி?" விரலைச் சுழற்றிக் காட்டினார்.

"சுற்றாது." எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கையை முன்னும் பின்னும் அலைபோல அசைத்துக் காட்டினேன்.

"ஜூலா?" என்றார். ஊஞ்சல்.

"ஹாங். ஜூலா. நாவ் மாதிரி." நாவ் என்றால் படகு.

"ஆனால் நீங்கள் சக்கர் என்று சொன்னீர்கள்."

"எனக்கு வேற வார்த்தை தெரியாது."

அவர் கோபப்படவில்லை. ஆனால் முகத்தில் முன்பிருந்த கலகலப்பும் இல்லை. காதுச் சோதனைத் தாளை எடுத்து மறுபடி பார்த்தார். இரண்டு காதிலும் ஒரே மாதிரி குறைந்திருக்கிறது, கீச்சொலிகளில் மட்டும்; இது இயந்திரச் சத்தத்தால் வந்ததாகவும் இருக்கலாம் என்றார். மெனியர் இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன், ஆரம்பத்தில் எல்லாம் குழப்பமாகத்தான் இருக்கும் என்றார். துபாயில் சமநிலையைச் சோதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு நிபுணரும் இருக்கிறார், பார்த்துவிட்டு வாருங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அதுவரை ஊசிப் பேச்சு வேண்டாம் என்று அவராகவே சொன்னார். எழுந்து வரும்போது என் மனைவியைப் பார்த்து, "சிஸ்டர், ரிசல்ட் வந்தால் எனக்குக் காட்டுங்கள்" என்றார். அவர் வருத்தத்தில் சொன்னாரா, அக்கறையில் சொன்னாரா என்று அன்றைக்கு முழுவதும் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சோதனைக்கூடத்தில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். என் தாளில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தமிழோ? அப்ப நல்லதாப் போச்சு. தமிழிலயே கதைப்பம்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். அந்த அறையின் குளிரும் கருவிகளும் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

"முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. தலை சுத்துதோ, இல்லாட்டி ஆடுதோ? ரெண்டும் வேற."

"ஆடுதுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறது காணாது. பாப்பம்" என்று சிரித்தார்.

கண்ணை மூடுகிற மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார். அதற்குள் இருக்கிற கேமரா என் கண்ணைப் படம்பிடிக்கும் என்றார். தலையைத் திருப்பச் சொன்னார், படுக்கச் சொன்னார், மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து ஒளிப்புள்ளியைக் கண்ணால் தொடரச் சொன்னார். அதெல்லாம் சுலபமாக இருந்தது. பிறகு, "இப்ப காதுக்குள்ள கொஞ்சம் தண்ணி விடப்போறன். தலை நல்லாச் சுத்தும். பயப்பிடாதேங்கோ, நான் பக்கத்திலதான் நிக்கிறன். கண்ணை மட்டும் மூடாதேங்கோ" என்றார்.

வெதுவெதுப்பான தண்ணீர் காதுக்குள் இறங்கியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருட்டுக்குள் என் உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. நிறுத்தவே முடியாத சுழற்சி. வாயில் உமிழ்நீர் ஊறியது. இரண்டு கையாலும் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார்: ஊர்ப் பெயர்கள், மீன் பெயர்கள். மனம் வேறு பக்கம் போகாமல் இருக்க அப்படிக் கேட்பார்களாம். எனக்கு நெத்திலிக்கு மேல் ஒரு மீனும் ஞாபகம் வரவில்லை. மெல்ல மெல்லச் சுழற்சி அடங்கியது.

"வீட்டிலயும் இப்பிடித்தானோ வாறது?"

"இல்லங்க." மூச்சு வாங்கியது. "இது வேற. இதுதான் சுத்துறதுன்னா, எனக்கு ஒரு நாளும் சுத்தவே இல்ல."

"அதை டொக்டரிட்டயும் இப்பிடியே சொல்லுங்கோ" என்றார்.

மற்றக் காதிலும் அதையே செய்தார். முடிந்ததும் தலையைச் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்கு மயக்கமாகவும் குமட்டலாகவும் இருந்தது. ஆனால் மனதுக்குள் ஒரு தெளிவு இருந்தது. மாதக்கணக்காக நான் ஒரு வார்த்தையை அதன் பொருள் தெரியாமல் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த வார்த்தைக்குத்தான் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நிபுணர் எகிப்தியர். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்; என் மனைவி கேட்டு, இடையிடையே எனக்குத் தமிழில் சொன்னாள். இரண்டு உள்காதும் சரியாக வேலை செய்கின்றன. மெனியருக்கான அடையாளம் எதுவும் இல்லை. நான் எத்தனை நாள் தொடர்ந்து கப்பலில் இருந்தேன் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சிலருக்கு நீண்ட கடல் பயணத்துக்குப் பிறகு மூளை கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிக்கொள்ளும், கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாது, மறுபடி ஏதாவது ஓடும் வண்டியில் ஏறினால் அமைதியாகிவிடும் என்றார். அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. கரையிறங்குதல் என்று அர்த்தமாம்.

"அப்படின்னா அதுதான்னு உறுதியா?" என்று என் மனைவி கேட்டாள்.

இதற்கென்று இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, நோயாளி சொல்வதுதான் சான்று என்றார். நீங்கள் சொல்வதெல்லாம் அதற்குப் பொருந்துகிறது, வேறு எதற்கும் பொருந்தவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும் என்றார். தலைக்கு ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எடுத்தோம். அதில் ஒன்றுமில்லை. காது மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். ஒரு சிறிய மாத்திரையைக் கொஞ்ச காலத்துக்குக் கொடுத்தார். கோடுகள் ஓடுகிற ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கிற பயிற்சிக்கு வாரம் ஒரு முறை வரச் சொன்னார். குணமாகிவிடுமா என்று கேட்டேன். பலருக்குக் குறையும், சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்குப் பாதியில் நிற்கும் என்றார். முன்பு கேட்ட 'கட்டுப்படுத்தலாம்' என்பதைவிட இதில் நம்பிக்கை குறைவுதான். ஆனால் அவர் எனக்கு இருப்பதைப் பற்றிப் பேசினார்.

அறிக்கையை என் மனைவி புஜைரா மருத்துவரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அவர் அவளைக் கூப்பிட்டு, தன் பதிவில் பழைய நோயின் பெயரை அடித்துப் புதியதை எழுதியிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு தலைசுற்றல் என்று யார் வந்தாலும், "கார் ஓடும்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறாராம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பாரம் இறங்கியிருந்தது.

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது கம்பெனியில் எனக்கு மறுபடி தகுதிச் சான்று கிடைத்தது. திடீரென்று தலை சுற்றி விழுகிற நோய் இல்லை என்பதால் ஏணி ஏறத் தடை இல்லை என்று எழுதியிருந்தார்கள். எகிப்திய மருத்துவர் மட்டும், "முடிந்தால் போகாதீர்கள், போனால் கொஞ்ச நேரத்தில் திரும்புங்கள்" என்றார். நான் ஒரு தடவை போனேன். லாஞ்ச் துறைமுக வாயைத் தாண்டியதும் உடம்பில் இருந்த ஆட்டம் கடலின் ஆட்டத்துக்குள் கரைந்து போனது. ஏணியில் ஏறினேன், நாடாவை இறக்கினேன், மாதிரி எடுத்தேன். அத்தனை மாதங்களில் அவ்வளவு சுகமாக நான் இருந்ததே இல்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சாயங்காலம் கரையில் இறங்கியதும் தெரிந்தது, குறைந்திருந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று. பழையபடி அடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

மருந்துக் கடையிலிருந்து வந்த ஒரு நாள் மனைவி, "கடல்ல இருந்தா நல்லா இருக்கும். ஆனா நாங்க கரையிலதான இருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

மேலாளரிடம் போய், கரையில் இருக்கிற எண்ணெய்க் கிடங்கில் வேலை இருக்கிறதா என்று நானே கேட்டேன். கடல் வேலை செய்தவன் கிடங்கு கேட்கிறான் என்று அவருக்கு ஆச்சரியம். "உறுதியா கேக்கிறீங்களா?" என்றார். உறுதியாகத்தான் கேட்டேன். இப்போது அங்கேதான் இருக்கிறேன். பெரிய பெரிய வட்டத் தொட்டிகள். அவற்றைச் சுற்றி ஏறுகிற இரும்புப் படிகளில் ஏறி, அதே நாடா, அதே பாட்டில்கள். தொட்டியின் தலைமேல் நின்றால் வெளியே கப்பல்கள் தெரியும். முதல் சில வாரங்கள் கைப்பிடியை விடாமல் நின்றேன். பிறகு விட்டுவிட்டு நிற்கப் பழகிக்கொண்டேன்.

முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சரியாகத் தூங்காத நாளிலோ, நீண்ட தூரம் காரில் போய் இறங்கிய அன்றோ லேசாக வரும். வந்தால் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்வேன். சுற்றுகிறது என்று யாரிடமும் சொல்வதில்லை. ஆடுகிறது என்கிறேன். வீட்டில் இருக்கிறவர்கள் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் எழுந்துபோய் என் வேலையைப் பார்ப்பேன்.